அடுத்த பஸ்ஸில் இரண்டு பேர்

சோற்றையும் கறியையும் இரண்டு பைகளிலும் பாதி பாதியாக வைக்க வேண்டும் என்று மாக்ரெட் முதல்நாளே நினைத்திருந்தாள். ஆனால் சனிக்கிழமை காலையில் மகன் றேமண்டின் சப்பாத்து ஒன்றைக் காணவில்லை. வீடு முழுக்கத் தேடிய பிறகு அது கட்டிலுக்கடியில் கிடந்தது. மகள் ஐறீன், ஒன்பது வயது பிறந்துவிட்டது, இனி இரட்டைப் பின்னல் வேண்டாம் என்று பின்னியதையெல்லாம் அவிழ்த்துவிட்டு நின்றாள். புருஷன் ஸ்ரனிஸ்லாஸ் குளித்து வெளிக்கிட்டு, ஒருவருக்கும் உதவியில்லாமல் வாசலில் நின்று மணி சொல்லிக்கொண்டிருந்தான். இந்த அமளியில் சோறு முழுவதும் ஒரு பைக்குள்ளும், கோழிக்கறியும் கத்தரிக்காய்ப் பொரியலும் மற்றப் பைக்குள்ளும் போய்விட்டன. அது தெரியாமலே அவள் கறிப் பையைத் தன் தோளில் கொழுவிக்கொண்டு சோற்றுப் பையைப் புருஷனிடம் நீட்டினாள்.

“நானும் தம்பியும் முதல் பஸ். நீங்களும் பிள்ளையும் அடுத்த பஸ். மிருகக்காட்சிச்சாலைக் கேற்றடியில சந்திப்பம்,” என்றாள்.

“தெரியும், மாக்ரெட். ரெண்டு வருசமாத் தெரியும்,” என்றான் அவன்.

நாலு பேரும் ஒரே வாகனத்தில் ஏறக்கூடாது. பஸ், ரயில், வான், ஓட்டோ எதுவானாலும் இரண்டு இரண்டு பேராகத்தான் போக வேண்டும். அதற்கு ‘மாக்ரெட்டின் சட்டம்’ என்று பெயர் வைத்தவன் ஸ்ரனிஸ்லாஸ். ஒருகொடவத்தையில் ஒரு கொன்ரெய்னர் யாட்டில் கிளாக்காக இருப்பவன். நாள் முழுக்கப் பெட்டிகளின் இலக்கம் பார்த்து, வந்தது எது, போனது எது என்று எழுதிவிட்டு வருகிறவனுக்கு, தன் வீட்டையும் இரண்டு லோட்டாகப் பிரித்து அனுப்புவது ஒரு பகிடியாக இருந்தது. ஆனால் பகிடி விட்டானே தவிர, சட்டத்தை ஒருநாளும் மீறியதில்லை.

சட்டம் வந்ததற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முந்திய ஆடி மாதத்தில், கந்தோர் விட்டு வருகிற நேரத்தில், ரயிலில் குண்டு வெடித்தது. கொட்டாஞ்சேனையில் இவர்களுக்கு அடுத்த ஒழுங்கையில் குடியிருந்த நேசமலரும் அவளுடைய புருஷனும் கைக்குழந்தையும் அந்த ரயிலில் இருந்தார்கள். காய்ச்சல் என்று சின்னம்மா றஞ்சிதத்திடம் விட்டுவிட்டுப் போன மூத்த பிள்ளை மட்டும் மிஞ்சினாள். ஐறீனின் வயதுதான். செத்தவீட்டில் றஞ்சிதம் சீப்போடு போய் அந்தப் பிள்ளைக்குத் தலையிழுக்கப் பார்த்தபோது, “அம்மா வந்து இழுக்கட்டும்,” என்று அது தலையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டது. மாக்ரெட் அன்றிரவு சாப்பிடவில்லை. அடுத்தநாள் காலையில் எழும்பியதும் சட்டம் போட்டாள். தன் பிள்ளைகளில் எவருக்கும் தலையிழுக்க ஆளில்லாமல் போகக்கூடாது. அப்பனோ தாயோ ஒருவராவது மிஞ்ச வேண்டும்.

ஊர்வாய் இதை வேறு விதமாக விளங்கிக்கொண்டது. புருஷனும் பெண்சாதியும் எங்கே போனாலும் பிறிம்பாக, தனித்தனியே போவதைப் பார்த்து, வீட்டில் ஏதோ பிரச்சினை என்று முடிவு கட்டிவிட்டார்கள். கோயிலுக்கு நடந்துதான் போவது என்றாலும், அங்கேயும் சனக்கூட்டம் என்று சொல்லி மாக்ரெட் முதல் பூசைக்கும் ஸ்ரனிஸ்லாஸ் இரண்டாம் பூசைக்குமாகப் போனார்கள். கடைசியில் பங்குச் சுவாமியார் ஸ்ரனிஸ்லாஸைக் கூப்பிட்டு, இல்லறத்தில் பொறுமை வேண்டும் என்று அரை மணித்தியாலம் புத்தி சொன்னார். அவன் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வந்து, அதைப் பெண்சாதிக்கு நடித்துக் காட்டினான்.

மாக்ரெட் பஸ்ஸில் ஏறினால் கடைசி இருக்கையைத்தான் தேடுவாள். அதில் குலுக்கல் கூட. ஆனால் பின்கண்ணாடியால் றோட்டைப் பார்க்கலாம். முன்னுக்குப் போகிறவள் அவள் என்றால் பின்னால் வருகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அது தூரத்தில் தெரிந்தால் மனம் ஆறும். வளைவில் மறைந்தால் எழும்பி எட்டிப் பார்ப்பாள்.

அன்றைக்கும் அப்படித்தான் இருந்தாள். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். அவள் பையிலிருந்து பொலிஸ் பதிவுத் துண்டை எடுத்துக் கொடுத்தாள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பெயர் எழுதி முத்திரை குத்திய ஒரே ஒரு கடுதாசி. அசல் அவளிடம், போட்டோக்கொப்பி புருஷனிடம். பொலிஸ்காரன் நாலு பெயரைப் பார்த்தான், நின்ற இரண்டு பேரைப் பார்த்தான்.

“அனித் தென்னா கோ?” மற்ற இரண்டு பேரும் எங்கே என்று கேட்டான்.

“ஈளங்க பஸ் எகே எனவா, மாத்தயா.” அடுத்த பஸ்ஸில் வருகிறார்கள்.

இரண்டு வருடத்தில் அவள் பிழையில்லாமல் பேசப் பழகிக்கொண்ட சிங்களம் இதுதான். ஒரு குடும்பம் ஏன் இரண்டு பஸ்ஸில் போகிறது என்று அவன் கேட்கவில்லை. சிலர் கேட்பார்கள். அவர்களிடம் உண்மையைச் சொல்ல முடியாது. குண்டுக்குப் பயம் என்று ஒரு தமிழ்ப் பெண் பொலிஸ்காரனிடம் சொன்னால் அதற்குமேல் இன்னும் பத்துக் கேள்வி வரும். ஆனபடியால் ஒரு பஸ்ஸில் இடமில்லை என்பாள்.

பம்பலப்பிட்டியில் பஸ்ஸின் எஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. டிறைவர் இறங்கி முன்பக்கத்தைத் திறந்தான். புகை வந்தது. புகையைக் கண்டதும் ஆட்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு இறங்கினார்கள். அந்தக் காலத்தில் பஸ்ஸில் புகை வந்தால் எவரும் காரணம் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. மாக்ரெட் றேமண்டைத் தூக்கிக்கொண்டு றோட்டுக் கரைக்கு ஓடினாள். பிறகுதான் வெறும் தண்ணீர்ச் சூடு என்று தெரிந்து எல்லாரும் வெட்கத்தோடு சிரித்தார்கள். கொண்டக்டர் றோட்டு நடுவில் நின்று, பின்னால் வந்த பஸ்ஸை மறித்தான்.

“நகின்ன, நகின்ன, இட தியெனவா,” என்றான். ஏறுங்கள், இடம் இருக்கிறது.

இடம் இருந்தது உண்மைதான். ஜன்னல் கரையில் ஐறீனும் பக்கத்தில் ஸ்ரனிஸ்லாஸும் இருந்தார்கள்.

எல்லாரும் ஏறினார்கள். மாக்ரெட் நின்ற இடத்தில் நின்றாள். கொண்டக்டர் அவளைப் பார்த்துக் கையைக் காட்டினான். அவளுக்குச் சட்டென்று வாயில் வந்தது, “லமயாட்ட வமனெ,” பிள்ளைக்குச் சத்தி, வாந்தி வருகிறது என்பது. அவன் உடனே இரண்டடி விலகிப் போனான்.

“எனக்குச் சத்தி வரேல்லை,” என்றான் றேமண்ட். “அம்மா, அங்க அக்கா. அப்பாவும் இருக்கிறார்.”

“அது வேற ஆக்கள். பேசாம நில்.”

“அது எங்கட அக்கா.”

ஐறீன் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள். கையைக் காட்டுவதற்கா, பிடிக்கச் சொல்லியா என்று தெரியவில்லை. மாக்ரெட் கண்ணால் ‘கையை உள்ளே எடு’ என்றாள். ஸ்ரனிஸ்லாஸ் ஒருமுறை அவளைப் பார்த்தான்; பார்த்துவிட்டு, மடியில் கிடந்த பேப்பரை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான். இந்த நேரத்திலும் இவருக்குப் பகிடி என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. பஸ் எடுபட்டது. ஐறீனின் முகம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு போனது. அதன்பிறகு வந்த இரண்டு பஸ்ஸும் நிற்காமல் போக, வெயிலில் முக்கால் மணித்தியாலம் நின்றார்கள். ஆறு வயதுப் பிள்ளையிடம் தனக்குச் சத்தி வரவில்லை என்பதை நிரூபிக்க நிறைய வழிகள் இருந்தன. அவற்றில் ஒன்று ஓயாமல் பாடுவது.

கேற்றடிக்குப் போனபோது மணி பன்னிரண்டு. மர நிழலில் ஸ்ரனிஸ்லாஸ் சோற்றுப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான்.

“வாரும்,” என்றான். “சோறு எங்களிட்ட. கறி உம்மட்ட. நீர் வராட்டி நாங்கள் வெறுஞ்சோறு, நாங்கள் வராட்டி நீங்கள் வெறுங்கறி.”

மாக்ரெட் பையைத் திறந்து பார்த்தாள். தன் பிழைதான் என்று கண்டதும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே, “சரி, இப்ப நீங்கள் பாம்புப் பக்கம் போங்கோ, நாங்கள் குரங்குப் பக்கம் போறம். பிறகு மாறுவம்,” என்றாள்.

“மிருகக்காட்சிச்சாலைக்குச் சில்லு இருக்கோ?” என்று கேட்டான் ஸ்ரனிஸ்லாஸ். “உம்மட சட்டத்தில வாகனம் எண்டுதான் இருக்கு. பிள்ளைக்குப் பிறந்தநாள், மாக்ரெட்.”

அவள் கறிப் பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு அவர்களோடு நடந்தாள். எவ்வளவு காலத்துக்குப் பிறகு நாலு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தாள், எண்ண முடியவில்லை. வீட்டுக்குள் நாலு பேரும் ஒன்றாக இருப்பது வேறு. வெளியில், வெயிலில், ஒரே நேரத்தில் நாலு நிழல் விழ நடப்பது வேறு. முதல் கொஞ்ச நேரம் அவளுக்குக் கூச்சமாகக்கூட இருந்தது. யாராவது பார்த்துவிடுவார்களோ என்பதுபோல் இரண்டு தரம் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

றேமண்ட் சிங்கத்தைப் பார்த்து, அது ஏன் நித்திரை என்று குறைப்பட்டான். ஒட்டகச்சிவிங்கியின் நாக்கு கறுப்பு என்று கண்டுபிடித்து எல்லாருக்கும் அறிவித்தான். ஆனால் நீர்யானைக்கு முன்னால் வந்ததும் அசைய மறுத்துவிட்டான். பச்சைத் தண்ணீரில் இரண்டு காதும் மூக்கும் மட்டும் தெரிந்தன. முழு நீர்யானையும் மேலே வந்தால்தான் வருவேன் என்றான். சரி என்று எதிரே இருந்த வாங்கில் நாலு பேரும் உட்கார்ந்து பார்சலைப் பிரித்தார்கள். சோறும் கறியும் ஒன்று சேர்ந்தன. கோழிக்காலுக்கு அடிபிடி வராமல் ஸ்ரனிஸ்லாஸ் பங்கு வைத்தான்.

“இப்ப சொல்லு, பிள்ளை,” என்றான். “பிறந்தநாளுக்கு என்ன வேணும்? இங்க வந்து சொல்லுறன் எண்டனி.”

மாக்ரெட் கண் சிமிட்டும் பொம்மையை எதிர்பார்த்தாள். அதற்கு மனதைத் தயார்படுத்தியும் வைத்திருந்தாள். ஐறீன் விரல்களை நக்கித் துடைத்துவிட்டு, நேரே பார்த்துச் சொன்னாள்.

“போகேக்க நாலு பேரும் ஒரே பஸ்ஸில.”

தண்ணீரில் நீர்யானை மூச்சு விட்டது.

“அது மட்டும் ஏலாது, அம்மாச்சி,” என்றாள் மாக்ரெட். “வேற என்னவும் கேள்.”

“வேற ஒண்டும் வேண்டாம்.”

அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. தன் தட்டில் இருந்த கத்தரிக்காயை எடுத்துத் தம்பியின் தட்டில் வைத்துவிட்டு மிச்சச் சோற்றைச் சாப்பிட்டாள். அழுதிருந்தால் மாக்ரெட்டுக்குச் சுகமாக இருந்திருக்கும். அழுகிற பிள்ளையை எப்படித் தேற்றுவது என்று தாய்க்குத் தெரியும். ஸ்ரனிஸ்லாஸ் கை கழுவ என்று றேமண்டை இழுத்துக்கொண்டு பைப்படிக்குப் போனான். போகும்போது றேமண்ட், நீர்யானை எழும்பினால் கூப்பிடச் சொல்லி அக்காவிடம் மூன்று தரம் சத்தியம் வாங்கினான்.

“அம்மா,” என்றாள் ஐறீன், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. “காலமை உங்கட பஸ்ஸில புகை தெரிஞ்சதல்லோ. ஆக்கள் எல்லாம் ஓடினவை. எங்கட பஸ்ஸில எல்லாரும் எழும்பிப் பார்த்தவை. அப்பாவும் எழும்பினவர். பிறகு உங்களைக் கண்ட உடன இருந்திட்டார்.”

“அது வெறும் தண்ணிச் சூடு, பிள்ளை. அப்பாவும் பார்த்தவர்தானே. பேப்பரைப் பிடிச்சுப் பகிடி விட்டுக்கொண்டல்லோ இருந்தவர்.”

“பேப்பர் தலைகீழா இருந்தது,” என்றாள் ஐறீன். “நான் சொன்னனான், அப்பா பேப்பர் தலைகீழ் எண்டு. அவருக்குக் கேக்கேல்லை. பிறகு பேப்பரை மடியில போட்டிட்டு என்ர கையை இறுக்கிப் பிடிச்சவர். தெகிவளையில இறங்குமட்டும் என்ர கையை விடேல்லை. பாருங்கோ.”

கையை நீட்டினாள். அதில் இப்போது ஒரு அடையாளமும் இல்லை. கோழிக்கறி மணம்தான் இருந்தது. மாக்ரெட் அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“ரெண்டு பேர் மிஞ்சினா,” என்று கேட்டாள் ஐறீன், “அந்த ரெண்டு பேரும் பிறகு என்ன செய்யிறது?”

அந்தக் கேள்வியை மாக்ரெட் தனக்குள் ஒருபோதும் கேட்டதில்லை. எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்பது வரைக்கும்தான் அவள் யோசித்து வைத்திருந்தாள். அதற்கு அங்கால், மிஞ்சிய இரண்டு பேர் வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, எத்தனை கோப்பையில் தேத்தண்ணி ஊற்றுவது என்பதைப் பற்றி அவள் சட்டத்தில் ஒன்றும் இல்லை. பயத்தை இரண்டாகப் பிரித்தால் பாதிப் பயம் ஆகும் என்று நினைத்திருந்தாள். இந்த மனிதன் இரண்டு வருடமாக, அடுத்த பஸ்ஸில், பகிடி விட்டுக்கொண்டு ஒரு முழுப் பயத்தைத் தனியே சுமந்து வந்திருக்கிறான். புருஷன்மீது இவ்வளவு அன்பும் இவ்வளவு கோபமும் ஒரே நேரத்தில் வரும் என்று அவளுக்குத் தெரியாமல் இருந்தது.

அந்த நேரம் பார்த்து நீர்யானை முழுதாக எழும்பியது. பைப்படியிலிருந்து ஓடிவந்த றேமண்டுக்கு அதன் பின்பக்கம் மட்டும்தான் கிடைத்தது. அதுவே போதும் என்று ஒப்புக்கொண்டான்.

பின்னேரம் யானை ஆட்டம் பார்த்தார்கள். யானைகள் ஒன்றின் வாலை ஒன்று தும்பிக்கையால் பிடித்தபடி வரிசையாக வந்தன. ஒரு யானை மவுத் ஓர்கன் ஊதியது. சனம் கை தட்டியது. “எல்லா யானையும் ஒண்டா வருது,” என்றான் றேமண்ட், அப்பாவின் தோளில் இருந்துகொண்டு. “அவைக்குச் சட்டம் இல்லையோ?” ஸ்ரனிஸ்லாஸ் சிரித்தான். மாக்ரெட் அவனுடைய முகத்தைப் பார்த்தாள். காதோரம் நரைத்திருந்தது, எப்போது நரைத்தது என்று தெரியவில்லை.

காலி வீதிக்கு நடந்து வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. திரும்பும்போது சோடி மாறும், அதுவும் சட்டம்தான். பஸ் வந்து நின்றதும் ஸ்ரனிஸ்லாஸ் ஐறீனைத் தூக்கி மிதிபலகையில் விட்டான். றேமண்டின் கையைப் பிடித்துக்கொண்டு, வழக்கம்போலப் பின்னால் இரண்டடி தள்ளி நின்றான். ஐறீன் உள்ளே போகாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். தாயை அல்ல, தகப்பனை. மாக்ரெட் ஒரு காலை மிதிபலகையில் வைத்தாள். மற்றக் கால் றோட்டில் இருந்தது. கொண்டக்டர் பஸ்ஸின் பக்கத்தில் தட்டத் தொடங்கினான்.

“என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறியள்,” என்றாள் புருஷனிடம். “ஏறுங்கோ.”

“நானோ?”

“நீங்களும்தான், தம்பியும்தான். கெதியா ஏறுங்கோ, நான் மனம் மாறமுந்தி.”

அவன் ஏறினான். ஒரு பகிடியும் விடவில்லை. நெரிசலில் அவளுக்குப் பின்னால் வந்து நின்று, ஒரு கையால் மேல் கம்பியையும் மற்றக் கையால் மகனின் சட்டைக் கொலரையும் பிடித்துக்கொண்டான். ஐறீன் நடுவில் நின்றாள். கொண்டக்டர் எத்தனை ரிக்கற் என்று கேட்டபோது, மாக்ரெட்டின் வாய் பழக்கத்தில் ‘தெகய்’, இரண்டு என்று தொடங்கியது. பிறகு திருத்தி, நாலு என்றாள். ஐறீன் அந்த நாலு ரிக்கற்றையும் தான் வைத்திருப்பேன் என்று வாங்கிக்கொண்டாள்.

வெள்ளவத்தை வரைக்கும் மாக்ரெட் மனதுக்குள் செபமாலை சொன்னாள். இருக்கைகளுக்கடியில் ஆளில்லாத பை ஏதும் கிடக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தாள். ஒரு கிழவரின் உமல் பையைப் பார்த்து முறைத்தாள். அவர் பயந்து அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பயம் ஒன்றும் போய்விடவில்லை. நாலு பேரும் ஒரு பஸ்ஸில் இருந்ததால் பயந்து பார்க்க ஒரே இடம்தான் இருந்தது, அவ்வளவுதான்.

பம்பலப்பிட்டிக்கு அப்பால் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. மாக்ரெட் கடுதாசியை நீட்டினாள். இளம் பொலிஸ்காரன் ரோச் அடித்துப் படித்தான். முதலில் அவளையும் ஐறீனையும்தான் கண்டான்.

“அனித் தென்னா கோ?”

“ஈளங்க...” என்று தொடங்கிவிட்டு நிறுத்தினாள். அந்தச் சிங்களத்துக்கு அங்கால் அவளுக்குச் சொல் வரவில்லை. கையை நீட்டி மற்ற வரிசையைக் காட்டினாள். பொலிஸ்காரன் ரோச்சை அங்கே திருப்பினான். கடுதாசியில் இருந்த பெயர்களை ஒன்றொன்றாக உரத்துக் கூப்பிட்டான். ஸ்ரனிஸ்லாஸ் கையை உயர்த்தினான். மாக்ரெட் கையை உயர்த்தினாள். ஐறீன் ரிக்கற் இருந்த கையை உயர்த்தினாள். றேமண்ட் பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடும்போது சொல்வதுபோல, “வந்திருக்கிறன், சேர்,” என்றான்.

“ஹதரதெனாம இன்னவா,” என்றான் பொலிஸ்காரன். நாலு பேரும் இருக்கிறார்கள். கடுதாசியை மடித்துக் கொடுத்தான். அவனுக்கு அது ஒரு பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

திரும்ப ஏறும்போது கடைசி இருக்கை காலியாக இருந்தது. நாலு பேரும் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். றேமண்ட் அப்பாவின் மடியில் நித்திரையாகிப் போனான். ஐறீன் தாயின் தோளில் சாய்ந்தாள். காலையில் போட்ட ஒற்றைப் பின்னல் கலைந்து கழுத்தில் குத்தியது. பஸ் எடுபட்டதும் மாக்ரெட் பழக்கதோஷத்தில் பின்கண்ணாடியால் திரும்பிப் பார்த்தாள். இரண்டு வெளிச்சம் போட்டுக்கொண்டு பின்னால் அடுத்த பஸ் வந்துகொண்டிருந்தது. நெற்றியைக் கண்ணாடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அவளுடைய ஆட்கள் ஒருவரும் இல்லை.